அழுகைக்குப் பிறகு அவர் சொன்னது

இதழியல் ஆய்வு, நெருக்கடிக் காலச் செய்தி, அதில் ஒலிக்கும் பொதுமக்களின் குரல் ஆகியவை குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, இத்துறையில் நெடுங்காலம் பணியாற்றிவரும் பேராசிரியர் இந்த இதழில் பதிலளிக்கிறார். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒரு கடிதம் மட்டும் எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது.

கேள்வி: இதழியலில் முதுகலை முடிக்கப்போகிறேன். அடுத்து முனைவர் பட்ட ஆய்வு செய்ய விரும்புவதாக வீட்டில் சொன்னேன். “செய்தி எழுதுவது ஒரு வேலை, அது புரிகிறது. எழுதி முடித்த செய்தியை வைத்துக்கொண்டு ஆராய என்ன இருக்கிறது?” என்று அப்பா கேட்டார். என்னால் நேராகப் பதில் சொல்ல முடியவில்லை. நீங்கள் என்ன சொல்வீர்கள், அம்மா?

பதில்: அப்பாவின் கேள்வி நியாயமானது. அவரிடம் இரண்டு புகைப்படங்களைப் பற்றிச் சொல்லுங்கள். 2005 ஆகஸ்ட் இறுதியில் கத்ரீனா புயல் தாக்கி, வெள்ளத் தடுப்புக் கரைகள் உடைந்து, அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரின் பெரும்பகுதி நீரில் மூழ்கியது. மார்பளவு நீரில் உணவுப் பொருள்களோடு நடந்து வருகிறவர்களின் படங்களை இரண்டு செய்தி நிறுவனங்கள் அடுத்தடுத்து வெளியிட்டன. ஒன்றில் இருந்தவர் கறுப்பின இளைஞர். அவர் மளிகைக் கடையைச் சூறையாடிவிட்டு வருவதாகப் படக்குறிப்பு கூறியது. மற்றொன்றில் இருந்த இருவரும் வெள்ளை நிறத்தவர். அவர்கள் ஒரு கடையிலிருந்து ரொட்டியையும் குளிர்பானத்தையும் கண்டெடுத்து வருவதாகப் படக்குறிப்பு கூறியது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் கொதித்துப்போனார்கள். ஒருவர் கடைக்குள் நுழைந்து பொருளை எடுத்ததைத் தங்கள் புகைப்படக்காரர் பார்த்ததாக ஒரு நிறுவனம் விளக்கியது. பொருள்கள் நீரில் மிதந்து வந்ததாக மற்றொரு படத்தை எடுத்தவர் விளக்கினார். இரண்டு விளக்கங்களும் உண்மையாகவே இருக்கலாம்.

ஆய்வாளரின் வேலை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. அந்த இரு புகைப்படக்காரர்களில் யார் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலை அன்று. அந்த வெள்ளத்தின்போது வெளிவந்த நூற்றுக்கணக்கான படக்குறிப்புகளையும் செய்திகளையும் ஒன்றாகத் திரட்டி, ‘சூறையாடினார்’ என்ற சொல் யாருக்குப் போயிற்று, ‘கண்டெடுத்தார்’ என்ற சொல் யாருக்குப் போயிற்று, அந்தச் சொற்களை முதலில் சொன்னவர் யார், அவை எத்தனை கை மாறி அச்சுக்கு வந்தன என்று பொறுமையாகக் கண்டறிவதே நம் வேலை. ஒரு படக்குறிப்பு தற்செயலாக அமைந்திருக்கலாம். நானூறு படக்குறிப்புகள் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் அதைத் தற்செயல் என்று சொல்ல முடியாது.

இந்தத் துறை நேற்று முளைத்ததும் அன்று. நார்வே நாட்டு ஆய்வாளர்களான யோஹான் கால்டுங், மாரி ஹோல்ம்போ ரூகே இருவரும் காங்கோ, கியூபா, சைப்ரஸ் நெருக்கடிகளைத் தங்கள் நாட்டின் நான்கு நாளிதழ்கள் எவ்வாறு வெளியிட்டன என்று ஆராய்ந்து, தொலைதூர நிகழ்வுகளில் எவை செய்தியாகின்றன, எவை ஆவதில்லை என்பதற்கான 12 காரணிகளை 1965-இல் முன்வைத்தார்கள். செய்தியின் தேர்வு முறையைப் பற்றி இன்று பேசுகிற எவரும் அந்தக் கட்டுரையைத் தொடாமல் போவதில்லை. அவர்கள் கைக்கொண்டது உள்ளடக்கப் பகுப்பாய்வு. ஒவ்வொரு செய்தியையும் படித்து, முன்கூட்டியே வகுத்த கேள்விகளுக்கான விடைகளைக் கட்டம் கட்டமாகக் குறித்துக்கொண்டே போக வேண்டும். ஒரே செய்தியை இருவர் தனித்தனியாகக் குறித்து, இருவர் விடையும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று கணக்கிட்டுப் பார்ப்பதும் வழக்கம். இந்த ஒத்துப்போதலை அளக்கும் கிரிப்பெண்டார்ஃப் ஆல்ஃபா என்ற அளவீட்டில் 0.80 வந்தால் தரவை நம்பலாம்; 0.667-க்குக் கீழே போனால் விடைகளைக் குறிப்பதற்கான விதிகளைத் திருத்தி எழுதிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். என் முதல் ஆய்வில் நான் மூன்று முறை அப்படித் தொடங்கினேன். அலுப்பூட்டும் வேலை என்று அப்பா நினைத்தால், ஆம், பல நாள்கள் அலுப்பாகத்தான் இருக்கும் என்று ஒப்புக்கொள்ளுங்கள்.

கேள்வி: பதினொரு ஆண்டுகளாகச் செய்தியாளராக இருக்கிறேன். வெள்ளத்திலும் கலவரத்திலும் நின்று செய்தி கொடுத்தவன். அறைக்குள் அமர்ந்து எங்கள் செய்தியில் குறை காண்பவர்களைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. ஆனாலும் சில கேள்விகள் என்னை விடுவதில்லை. முப்பத்தாறு வயதில் ஆய்வுக்கு வரலாமா?

பதில்: தாராளமாக வாருங்கள். அந்த எரிச்சலையும் கொண்டுவாருங்கள்; அதில் நியாயம் இருக்கிறது. அச்சுக்குப் போக இருபது நிமிடம் இருக்கும்போது எடுக்கப்பட்ட முடிவை இரண்டு ஆண்டு அவகாசத்தோடு விமர்சிக்கும் வசதி எங்களுக்கு இருக்கிறது. அதை மறந்து எழுதப்பட்ட கட்டுரைகள் எங்கள் துறையில் நிறைய உண்டு. நல்ல ஆய்வுகள் அப்படி எழுதப்படவில்லை. அமெரிக்கச் சமூகவியலாளர் கே டக்மேன் செய்தி அறைகளுக்குள் சென்று, செய்தியாளர்கள் வேலை செய்வதைப் பக்கத்தில் இருந்து கவனித்துவிட்டு, 1972-இல் ஒரு கட்டுரை எழுதினார். இரு தரப்பையும் கேட்பது, பிறர் கூற்றை மேற்கோள் குறிக்குள் வைப்பது போன்ற பழக்கங்கள் நடுநிலைக்கான வழிகளாக இருப்பதோடு, அவதூறு வழக்கு, மேலதிகாரியின் கண்டிப்பு, காலக்கெடு ஆகியவற்றிலிருந்து செய்தியாளரைக் காக்கும் கவசங்களாகவும் இருக்கின்றன என்று அவர் காட்டினார். பதினொரு ஆண்டு அனுபவமுள்ள உங்களுக்கு அதைப் படிக்கும்போது எரிச்சல் வராது என்று நினைக்கிறேன்.

உங்களுக்கு உள்ள சாதகம், செய்தி அறையின் மொழி உங்களுக்குத் தெரியும் என்பதே. ஒரு துணையாசிரியர் “இதைக் கொஞ்சம் சுருக்கிவிட்டேன்” என்று சொன்னால் அதன் பொருள் உங்களுக்குப் புரியும். வெளியிலிருந்து வரும் ஆய்வாளருக்கு அது புரிய ஓராண்டு ஆகும். இடர்ப்பாடும் அங்கேதான் இருக்கிறது. எது உங்களுக்கு மிக இயல்பாகத் தெரிகிறதோ அதைக் கேள்வி கேட்பது உங்களுக்கே மிகக் கடினமாக இருக்கும். செய்தியாளராக இருந்து ஆய்வுக்கு வந்தவர்கள் பலர் முதல் ஆண்டில் எழுதித் தருவது ஆய்வாக இருப்பதில்லை, நினைவுக் குறிப்பாகவே இருக்கிறது. “நான் பார்த்தவரையில்” என்று தொடங்கும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் “வேறு யார் பார்த்தார்கள், அதற்கு என்ன ஆதாரம்?” என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வயதைப் பற்றிக் கவலை வேண்டாம். வருமானத்தைப் பற்றி யோசியுங்கள். முனைவர் பட்டத்துக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுகள், சில வேளைகளில் அதற்கு மேலும் ஆகும். உதவித்தொகை உறுதியாகும்வரை வேலையை விட வேண்டாம்.

கேள்வி: நெருக்கடிக் காலச் செய்தியை மற்றச் செய்திகளிலிருந்து பிரித்துத் தனியாக ஆராய வேண்டிய தேவை என்ன? அதில் பொதுமக்களின் குரலுக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம் தரப்படுகிறது?

பதில்: சாதாரண நாளில் செய்தி வரும் பாதைகள் ஏற்கெனவே போடப்பட்டவை. அமைச்சகம், காவல்துறை, நீதிமன்றம், மருத்துவமனை, செய்தியாளர் சந்திப்பு என்று யாரிடம் கேட்பது, யார் பேசுவார் என்பது செய்தி அறைக்குத் தெரியும். நெருக்கடி வந்த முதல் மணி நேரத்தில் இந்தப் பாதைகள் அறுந்துபோகின்றன. அதிகாரிகளுக்கே என்ன நடந்தது என்று தெரிவதில்லை. அப்போது தெரிந்தவர் ஒருவர்தான்: அந்த இடத்தில் நிற்பவர்.

2005 ஜூலை 7 அன்று காலை இலண்டன் சுரங்க ரயில்களில் குண்டுகள் வெடித்தபோது, மின்னழுத்தக் கோளாறு என்றே முதலில் அறிவிக்கப்பட்டது. அந்த விளக்கம் நிலைக்காமல் போனதற்கு, நிலையங்களிலிருந்து வெளியே வந்த பயணிகளின் வார்த்தைகளும் அவர்கள் கைப்பேசியில் எடுத்த படங்களும் ஒரு முக்கியக் காரணம். 52 பேர் கொல்லப்பட்ட அந்த நாளில், ஆறு மணி நேரத்துக்குள் 1,000-க்கும் மேற்பட்ட புகைப்படங்களும் 20 வீடியோக்களும் 4,000 குறுஞ்செய்திகளும் 20,000 மின்னஞ்சல்களும் பொதுமக்களிடமிருந்து பிபிசிக்கு வந்ததாக, அதன் உலகச் செய்திப் பிரிவுக்கு அப்போது தலைமை வகித்த ரிச்சர்ட் சாம்ப்ரூக் எழுதியிருக்கிறார். அதற்குச் சுமார் ஆறு மாதம் முன்பு, 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போதும் உலகம் பார்த்த காட்சிகளில் பெரும்பாலானவை கடற்கரையிலும் விடுதி மாடிகளிலும் நின்றவர்கள் எடுத்தவையே. பதினைந்து ஆண்டுகள் கழித்து, 2020 மே 25 அன்று அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் காவலர் ஒருவர் முழங்காலால் கழுத்தை அழுத்தியதில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் இறந்ததை உடல்நலக் குறைவால் நேர்ந்த மரணம் போலக் காவல்துறையின் முதல் அறிக்கை கூறியது. 17 வயதுப் பெண்ணான டார்னெல்லா ஃப்ரேசியர் தெருவோரம் நின்று எடுத்த வீடியோ அந்த அறிக்கையை உடைத்தது. அடுத்த ஆண்டு, அமெரிக்காவின் உயரிய இதழியல் பரிசை வழங்கும் புலிட்சர் குழு அவருக்குச் சிறப்புப் பாராட்டு வழங்கியது.

இவற்றைச் சொல்லிவிட்டு, “ஆகவே மக்களின் குரல் வென்றுவிட்டது” என்று முடிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மக்கள் எடுத்த படம் செய்திக்குள் வந்துவிட்டது, உண்மை. மக்கள் சொன்ன கருத்தும் அதோடு வந்ததா என்பதே நான் இத்தனை ஆண்டுகளாகக் கேட்டுவரும் கேள்வி.

ஒரு வீடியோவைப் பற்றிச் சொல்கிறேன். வெள்ளச் செய்திகளை ஆராய்ந்தபோது, ஒரு தொலைக்காட்சியில் ஒளிபரப்பான துண்டும் அதற்கு மூலமான முழுப் பதிவும் இரண்டுமே எனக்குக் கிடைத்தன. அப்படிக் கிடைப்பது அரிது. முழங்கால் நீரில் நிற்கும் ஒரு பெண்மணி, கையில் நனைந்த துணி மூட்டை. முழுப் பதிவு 48 விநாடிகள். ஒளிபரப்பானது 9 விநாடிகள். அந்த ஒன்பது விநாடியிலும் அவர் அழுதுகொண்டிருந்தார். மூலப் பதிவில் அவர் அழுது முடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நிமிர்ந்து பேசத் தொடங்குகிறார். நள்ளிரவுக்குப் பிறகு மதகைத் திறந்தார்கள், முன்கூட்டி ஒருவரும் சொல்லவில்லை என்றார். மாலையிலேயே சொல்லியிருந்தால் நடக்க முடியாத மாமனாரை மேட்டுக்குக் கொண்டுபோயிருப்போம் என்றார். அடுத்த முறை திறப்பதற்கு முன் தெருத் தெருவாக அறிவிக்க ஆள் வேண்டும் என்றார். குரலில் நடுக்கம் இல்லை. அது ஒரு குடிமகள் நிர்வாகத்தின் முன் வைத்த குற்றச்சாட்டு, சாட்சியம், யோசனை எல்லாம் சேர்ந்தது. தொலைக்காட்சியில் அதில் ஒரு சொல் கூட வரவில்லை. என் குறியீட்டுத் தாளில் ‘பேசியவர்: பாதிக்கப்பட்டவர், உள்ளடக்கம்: துயரம்’ என்று எழுத வேண்டியிருந்தது. நான் பார்த்த பதிவுகளில் என் கையை அதிக நேரம் நிறுத்தி வைத்தது அதுதான்.

இது ஒரு வீடியோவோடு நின்றுவிடுவதில்லை. ஜஸ்டின் லூயிஸ், சன்னா இன்தார்ன், காரின் வால்-ஜார்கென்சன் ஆகியோர் பிரிட்டன், அமெரிக்கச் செய்திகளை ஆராய்ந்து 2005-இல் வெளியிட்ட நூலில், சாதாரண மக்கள் தங்கள் அச்சத்தையும் மனநிலையையும் வெளிப்படுத்துகிறவர்களாகவே பெரும்பாலும் காட்டப்படுகிறார்கள், என்ன செய்ய வேண்டும் என்று யோசனை சொல்கிறவர்களாக மிக அரிதாகவே காட்டப்படுகிறார்கள் என்று எழுதினார்கள். அதே வால்-ஜார்கென்சன், புலிட்சர் பரிசு பெற்ற கட்டுரைகளை வைத்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், செய்தியாளர்கள் தங்கள் உணர்ச்சியைத் தாங்களே சொல்லாமல், செய்தியில் இடம்பெறும் பிறர் வாயிலாக அதை வெளிப்படுத்துவதைக் காட்டினார். அழும் பொறுப்பு எளியவருக்கும் விளக்கும் பொறுப்பு அதிகாரிக்கும் என்று ஆகிவிடுகிறது. நெருக்கடிக் காலச் செய்தியைத் தனியாக ஆராய வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுவே. எளியவரின் குரல் செய்திக்கு இன்றியமையாததாக ஆகும் அதே நேரத்தில்தான் அது மிகுதியாக வெட்டப்படவும் செய்கிறது.

கேள்வி: மக்களை நம்பினால் வதந்திதானே பரவும்?

பதில்: வதந்தி மக்களிடம் மட்டும் பிறப்பதில்லை. கத்ரீனா வெள்ளத்தின்போது, ஆயிரக்கணக்கானோர் தஞ்சமடைந்திருந்த சூப்பர்டோம் அரங்கில் கொலைகளும் பாலியல் வன்முறைகளும் நடப்பதாக நகர மேயரும் காவல்துறைத் தலைவருமே தொலைக்காட்சியில் சொன்னார்கள். நூற்றுக்கணக்கான சடலங்கள் கிடக்கும் என்று எதிர்பார்த்துப் போனவர்கள் அங்கே கண்டது ஆறு. கொலை என்று உறுதியானது ஒன்றும் இல்லை. அந்தச் செய்திகளில் பல பொய் என்று அந்த ஆண்டு செப்டம்பர் மாத இறுதியில் எழுதியது உள்ளூர் நாளிதழ். யார் சொன்னாலும் சரிபார்க்க வேண்டும் என்பது விதியானால், அது பதவியில் இருப்பவருக்கும் பொருந்த வேண்டும்.

கேள்வி: பேரிடரில் உறவினர்களை இழந்தவர்களைப் பேட்டி எடுத்து ஆய்வு செய்துவருகிறேன், கைப்பேசி வீடியோக்களையும் பகுத்தாராய்கிறேன். பல இரவுகள் தூக்கம் வருவதில்லை. இதை நெறியாளரிடம் சொன்னால் என்னைப் பலவீனமானவள் என்று நினைப்பாரோ என்று தயங்குகிறேன். அவர்களைப் பேசவைத்து நான் பட்டம் வாங்குவது சரிதானா என்றும் உறுத்துகிறது.

பதில்: முதலில் நெறியாளரிடம் சொல்லுங்கள். இந்த வாரமே சொல்லுங்கள். துயரக் காட்சிகளைத் திரும்பத் திரும்பப் பார்ப்பவர்களுக்கு, நேரில் இல்லாதபோதும், மனக் காயம் ஏற்படும் என்பது செய்தி அறைகளில் படச் சரிபார்ப்பு செய்பவர்களிடமும் மனித உரிமை ஆய்வாளர்களிடமும் நன்கு அறியப்பட்ட ஒன்று. அது பலவீனம் ஆகாது. தூக்கமின்மை தொடர்ந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். வேலை முறையிலும் சில மாற்றங்கள் உதவும். காட்சியை முதலில் ஒலியில்லாமல் பாருங்கள். பெரும்பாலும் மனத்தில் தைப்பது ஒலிதான். திரையில் சிறிய சாளரமாக வைத்துக்கொள்ளுங்கள், வண்ணத்தை நீக்கிவிடுங்கள். என்ன வரப்போகிறது என்பதை முன்பே குறித்து வைத்துக்கொண்டு, ஆய்வுக் கேள்விக்குத் தேவையான விநாடிகளை மட்டும் பாருங்கள். இருட்டிய பிறகு இந்த வேலை வேண்டாம். உறங்கும் அறையிலும் வேண்டாம்.

இரண்டாவது உறுத்தல் போகக் கூடாத உறுத்தல். பல்கலைக்கழக அறநெறிக் குழு கேட்கும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கிவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணாதவரை நீங்கள் சரியான வழியில் இருக்கிறீர்கள். துயரத்தில் இருப்பவர் முதல் நாள் சரி என்பார். மூன்றாம் மாதம் வேண்டாம் என்று நினைப்பார். அதனால் ஒப்புதலை மீண்டும் மீண்டும் கேளுங்கள். எழுத்தாக்கிய பேட்டியை அவரிடமே கொண்டுபோய்ப் படித்துக் காட்டுங்கள். எதை எடுத்துவிடச் சொன்னாலும் காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள். உங்கள் ஆய்வால் நிவாரணம் கிடைக்கும் என்ற நம்பிக்கையை வாயால் மட்டுமன்றி, தலையசைப்பால்கூட ஏற்படுத்திவிடாதீர்கள். சமூக ஊடகத்தில் ஒருவர் பொதுவில் இட்ட வீடியோ என்பதாலேயே அதை ஆய்வேட்டில் முகம் தெரிய அச்சிடும் உரிமை நமக்கு வந்துவிடாது. உதவி கேட்டு அதை இட்டவர், பத்து ஆண்டு கழித்து நூலகத்தில் தன் முகத்தைக் காண ஒப்புக்கொண்டவர் ஆகமாட்டார்.

இன்னொரு எச்சரிக்கை. இணையத்தில் இருக்கிறது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைக்காதீர்கள். 2017 ஆகஸ்டில், வன்முறைக் காட்சிகளைத் தானாகக் கண்டறியும் முறையை யூடியூப் விரிவுபடுத்தியபோது, சிரியப் போரை ஆவணப்படுத்திய ஆயிரக்கணக்கான வீடியோக்கள் நீக்கப்பட்டன. பின்னர் ஒரு பகுதியே மீட்கப்பட்டது. உயிரைப் பணயம் வைத்து அவற்றை எடுத்தவர்களில் சிலர் இன்று உயிரோடு இல்லை. எந்தப் பதிவைப் பயன்படுத்தப்போகிறீர்களோ அதன் பிரதியைத் தேதி, மூலம் ஆகிய விவரங்களோடு பாதுகாப்பான, கடவுச்சொல் இட்ட இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இந்தத் துறையில் வேலை கிடைக்குமா? ஆய்வாளரின் வாழ்க்கை எப்படி இருக்கும் என்று மழுப்பாமல் சொல்லுங்கள்.

பதில்: நிரந்தரப் பணியிடங்கள் குறைவு, பட்டம் பெறுவோர் அதிகம். பட்டத்துக்குப் பிறகு இரண்டு ஆண்டு, மூன்று ஆண்டு என்று ஒப்பந்தப் பணிகளில் இடம் மாறிக்கொண்டே இருக்க நேரிடும். குடும்பம் உள்ளவர்களுக்கு அது கடினம். கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பினால், பெயர் தெரியாத இருவர் அல்லது மூவர் படித்துக் கருத்துச் சொல்ல ஆறு மாதம் ஆகலாம், ஓராண்டும் ஆகலாம். நிராகரிப்பு வரும், அதில் ஒரு பாதி நியாயமாகவும் இருக்கும். நேரத்தின் பெரும்பகுதி கற்பித்தலுக்கும் விடைத்தாளுக்கும் நிதி கேட்டு எழுதும் விண்ணப்பங்களுக்கும் போகும். துறை வளர்ந்திருக்கிறது என்பதும் உண்மை. இதழியல் ஆய்வுக்கென்றே இரண்டு பெரிய பன்னாட்டு ஆய்விதழ்கள் 2000-ஆம் ஆண்டில்தான் தொடங்கின. இன்று அவற்றின் எண்ணிக்கை பல மடங்கு. செய்தி நிறுவனங்களின் சரிபார்ப்புப் பிரிவுகள், மனித உரிமை ஆவணக் காப்பகங்கள், பேரிடர்த் தகவல் தொடர்பு அமைப்புகள் ஆகியவற்றிலும் இந்தப் பயிற்சிக்கு இடம் உண்டு. பல்கலைக்கழகம் ஒன்றையே நம்பி வராதீர்கள்.

விண்ணப்பம் எழுதுவதற்கு முன் ஒரு சோதனையைச் செய்து பாருங்கள். ஏதேனும் ஒரு பேரிடரின் முதல் நாள் செய்தித் தொகுப்புகளில் பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில் ஐந்து நெடுவரிசைகள் போடுங்கள்: பேசியவர் யார், அவர் பெயர் சொல்லப்பட்டதா, எத்தனை விநாடி பேசினார், அவரிடம் என்ன கேட்கப்பட்டது, அவர் சொன்னதில் உணர்ச்சி எது, யோசனை எது. பத்தையும் நிரப்ப இரண்டு நாள் ஆகும். மூன்றாம் நாள் காலையில் அந்தத் தாளை மறுபடி எடுத்துப் பார்க்கும்போது, பதினொன்றாவது தொகுப்பைத் தேடத் தோன்றினால் விண்ணப்பியுங்கள்.